நாலு பெரியவர்கள் பேசி முடித்தால் போதாதா?

அந்தியூர் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கல் மூன்று வருடமாக நின்று கிடக்கிறது. ஊருக்கும் காலனிக்கும் தகராறு. ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் இரண்டு தடவை பேசிக் கையெழுத்தும் போட்டாயிற்று, இரண்டு தடவையும் நிற்கவில்லை. இப்போது ஏதோ ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில், பெண்கள், இளவட்டங்கள், கூலிக்குப் போகிறவர்கள் எல்லாரையும் பேச்சில் உட்கார வைக்க வேண்டும் என்றார்களாம். ஊரில் பெரியவர்களோ ஆள் கூடினால் சண்டைதான் கூடும், நாலு பேர் உட்கார்ந்து முடிக்கட்டும் என்கிறார்கள். எது சரி, ஆதாரம் ஏதாவது உண்டா என்பது கேள்வி.

தம்பி, நான் ஈரோடு மாவட்டத்தில் வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். இந்த மாதிரி அமைதிப் பேச்சுவார்த்தைகளில் ஓரமாக உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது பல வருடம் என் வேலையாக இருந்தது. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

பயிற்சியில் சொன்னதுதான் சரி. எல்லாருக்கும் இடம் கொடுப்பது நியாயம் என்று அவர்கள் காரணம் சொல்லியிருப்பார்கள், அது உண்மைதான், ஆனால் ஊர்ப் பெரியவர்களிடம் அதைச் சொன்னால் எடுபடாது. அவர்களுக்குப் புரிகிற காரணம் இன்னொன்று இருக்கிறது. பேச்சில் யார் இல்லையோ, அவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமும் அந்தப் பேச்சில் இருக்காது. வரப்பில் நண்டு வளை மாதிரி அது. மேலே எவ்வளவு மண் அணைத்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். உங்கள் ஊர் மாதிரியே மாரியம்மன் பொங்கல், சித்திரை மாதம். மாவிளக்கு எடுத்துவரும் பாதைதான் தகராறு. ஒரு தாலுகா ஆபீஸில் கூட்டம் போட்டோம். ஊர் சார்பில் ஆறு பேர், காலனி சார்பில் ஆறு பேர், பன்னிரண்டு பேரும் ஆண்கள். மூன்று மணி நேரம் பேசி, காலனிக்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கு மெயின் ரோடு வழியாக மாவிளக்கு கொண்டுவருவது, ஊர்க்காரர்கள் மாலை ஐந்து மணிக்கு என்று முடிவாயிற்று. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், டீ குடித்தார்கள். இரண்டு நாள் கழித்து நான் அந்தத் தாளைக் காலனியில் வாசித்துக் காட்டப் போனபோது ஒரு வயதான அம்மா கேட்டார்: “ஏனுங்க சார், சித்திர வெயில்ல ரெண்டு மணிக்குத் தார் ரோட்டுல வெறுங்காலோட நடக்கச் சொன்னா ஆருங்க நடப்பாங்க?” எனக்குப் பதில் இல்லை. மாவிளக்கு எடுப்பது பெண்கள். செருப்புப் போடாமல் எடுப்பார்கள். கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும், தாள் எழுதிய எனக்கும், கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதிகாரிக்கும் அது தோன்றவில்லை. மேலிடத்தில் சொன்னேன், கையெழுத்தான பிறகு மாற்ற முடியாது என்றார்கள். அன்றைக்கு அந்தப் பெண்கள் வெயில் தாழக் காத்திருந்து நாலரைக்குக் கிளம்பினார்கள், ஐந்து மணிக் கூட்டம் எதிரே வந்தது, கல் விழுந்தது. மறுநாள் ரிப்போர்ட்டில் “காலனி தரப்பினர் ஒப்பந்தத்தை மீறினர்” என்று இருக்கிறது. எழுதியது நான்தான். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

ஆள் கூடினால் சண்டை கூடும் என்பதற்கு இதுதான் என் பதில். அன்று அந்த அறையில் ஒரே ஒரு பெண் கூட இருந்திருந்தால் சண்டை குறைந்திருக்கும்.

சரி, உலக அளவில் ஆதாரம் கேட்டீர்கள். 1992 முதல் 2011 வரை நடந்த 31 பெரிய அமைதிப் பேச்சுகளை ஐக்கிய நாடுகள் சபையின் பெண்கள் அமைப்பு எடுத்துப் பார்த்தது. பேசியவர்களில் பெண்கள் 9 சதவீதம், கையெழுத்துப் போட்டவர்களில் 4 சதவீதம். 2000ஆம் வருடம் அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு சபை 1325ஆம் தீர்மானத்தைப் போட்டு, அமைதிப் பேச்சில் பெண்கள் இருக்க வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்ன பிறகும் நிலைமை மெதுவாகத்தான் நகர்ந்தது. இளைஞர்களைச் சேர்க்கச் சொல்லும் 2250ஆம் தீர்மானம் 2015இல்தான் வந்தது. பெண்கள் பங்கெடுத்த ஒப்பந்தங்கள் 15 வருடம் நிற்கிற வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல் என்று ஒரு கணக்கு எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது. அது உண்மையான ஆய்விலிருந்து வந்ததுதான், ஆனால் பெண்களைச் சேர்த்ததால் நின்றதா, நிற்கக்கூடிய நல்ல பேச்சுகளில்தான் பெண்களைச் சேர்த்தார்களா என்பதை அந்த எண் சொல்லாது. எனவே ஊர்க்கூட்டத்தில் அதை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எனக்குப் பிடித்தது தானியா பாஃபன்ஹோல்ஸ் என்ற ஆய்வாளர் ஜெனீவாவில் இருந்துகொண்டு நடத்திய வேலை. 40 பேச்சுவார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர் அவர். பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை விட அவர்கள் சொன்னது முடிவில் ஏறியதா என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது என்றார். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

நம் ஊரில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஊராட்சித் தலைவர் பெண், கூட்டத்துக்கு வருவார், கையெழுத்துப் போடுவார், பேசுவது அவர் வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கீடு என்று 2016இல் சட்டமே வந்தாயிற்று. நாற்காலி கிடைத்துவிட்டது, குரல் பல ஊர்களில் இன்னும் கிடைக்கவில்லை. அப்படி ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, பெண்களையும் சேர்த்தோம் என்று குறிப்பில் எழுதினால் நான் முதலில் சொன்ன கூட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

குரல் ஏற வேண்டுமானால் விதியை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். வட அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று முப்பது வருடச் சண்டை, மூவாயிரத்துக்கும் மேல் சாவு. 1996இல் பேச்சுக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு தேர்தல் வைத்தார்கள். வழக்கமான தொகுதி இடங்களோடு, மொத்த ஓட்டில் முதல் பத்து இடத்துக்குள் வரும் கட்சிகளுக்குத் தலா இரண்டு இடம் என்று ஒரு விதியும் வைத்தார்கள். அதைப் பார்த்த பெண்கள் சிலர், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சேர்ந்து, சில வாரங்களுக்குள் ஒரு கட்சி தொடங்கினார்கள். மோனிகா மக்வில்லியம்ஸ், பேர்ல் சாகர் என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து இருவர் முன்னால் நின்றார்கள். வாங்கியது ஒரு சதவீத ஓட்டு. ஆனால் அந்த விதியால் இரண்டு இடம் கிடைத்து மேஜைக்கு வந்துவிட்டார்கள். பேச எழுந்தால் மாடு மாதிரிக் கத்திக் கேலி செய்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனாலும் 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்தில், சண்டையில் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஆதரவு, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிற பள்ளி, கலந்து வாழ்கிற குடியிருப்பு என்ற வரிகள் ஏறின. ஏற்றியவர்கள் அவர்கள். மற்றவர்கள் எல்லாம் ஆயுதம், கைதி விடுதலை, ஆட்சி அதிகாரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவையும் முக்கியம்தான். ஆனால் ஒப்பந்தம் போட்ட மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரோடு எப்படி வாழ்வது என்பதைக் கேட்க ஒரு ஆள் வேண்டுமே.

வாசலில் நின்றும் காரியம் நடந்திருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்த லைபீரியாவில் கிறித்துவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில் மாதக்கணக்கில் மீன் சந்தைப் பக்கம் உட்கார்ந்தார்கள். 2003 ஜூலையில் பேச்சு நடந்த கானா நாட்டின் அக்ரா நகரத்துக்கே போய், லேமா போவீ தலைமையில் மண்டப வாசலை மறித்து, முடிவு எட்டாமல் யாரும் வெளியே வரக்கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இருந்தாலும் வாசலில் நிற்கிறவர்களால் அவசரத்தைத்தான் உண்டாக்க முடியும். தாளில் என்ன எழுதுவது என்பதை உள்ளே இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

யாரையும் கேட்காமல் போட்ட ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதற்கு நாம் அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை, மேட்டுப்பாளையத்தில் மலை ஏறினால் போதும். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. பிறகு 1974இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தத் தோட்டத் தொழிலாளர்களையோ அவர்கள் தலைவர் தொண்டமானையோ யாரும் கேட்கவில்லை. இரண்டு நாட்டுத் தரப்பிலும் அது பெரிய ராஜதந்திர வெற்றியாகப் பேசப்பட்டது. நூறு வருடத்துக்கு மேல் அங்கே வேர்விட்ட குடும்பங்கள் அண்ணன் ஒரு நாடு தம்பி ஒரு நாடு என்று பிரிந்தன. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் போய்ப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். நான் பேசியிருக்கிறேன். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது வறுமையைப் பற்றி இல்லை, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான்.

அதே இலங்கையில் 2002இல் நார்வே நடுவில் இருந்து பேச்சு நடந்தபோதும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக இடம் இல்லை. பெண்கள் விவகாரத்துக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். அது 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது, ஏப்ரலில் பேச்சே நின்றுபோனது. பெண்களைத் துணைக்குழுவில் தனியாக உட்கார வைத்தால், பெரிய மேஜை நிற்கும்போது அதுவும் சேர்ந்து நின்றுவிடும்.

இனி நம் வாய்க்காலுக்கு வருகிறேன், ஏனென்றால் கோயில் தகராறை விட அதில் இந்த விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும். கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு, ஒரு போகத்துக்குப் பாதி என்று மதகு பிரித்து முறைத்தண்ணீர். மண் வாய்க்கால். அதற்குக் கான்கிரீட் போட வேண்டும் என்று திட்டம் வந்ததும் விவசாயிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர், எனக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை, போடுங்கள் என்றார். கசிவுநீரை நம்பிக் கிணறும் தென்னையும் வைத்திருப்பவர், போட்டால் என் கிணறு வற்றிவிடும் என்றார். இரண்டும் நியாயம். நான் இரண்டு பக்கத்திலும் சொந்தக்காரர்கள் உள்ளவன். உண்ணாவிரதம், மறியல், வழக்கு எல்லாம் நடந்தது, பேச்சுகளும் நடந்தன. அந்த மாதிரிப் பேச்சில் தரப்பு யார்? 2000ஆம் வருடத்துப் பாசன மேலாண்மைச் சட்டப்படி ஆயக்கட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பாசன சபையில் ஓட்டுள்ளவர். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். விடியற்காலையில் மடை திருப்புவதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், எந்தக் கிணறு எந்த மாதம் எத்தனை படி இறங்குகிறது என்று விரல்விட்டுச் சொல்வதும் அந்த வீட்டு அம்மாவாக இருப்பார், அவர் பெயர் பட்டியலில் இல்லை. ஆயக்கட்டுக்கு வெளியே கசிவில் ஊறும் கிணற்றுக்காரருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. ஓரத்தில் ஆடு மேய்ப்பவர், அந்தக் கசிவில் ஊறும் குடிநீர்க் கிணற்றை நம்பியிருக்கிற காலனி, இவர்களும் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவர் கெடுதல் வரும்போது மட்டும் வாய்க்கால் கரையில் வந்து உட்காருவார், அப்போது அவரை இடைஞ்சல் செய்கிறவர் என்போம்.

காவிரியில் 2003இல் ஒரு நல்ல முயற்சி நடந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் ஏற்பாட்டில் தமிழ்நாடு, கர்நாடக விவசாயிகளே சேர்ந்து காவிரி குடும்பம் என்று ஒரு குழு வைத்து, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். அரசாங்கத்தார் உட்கார்ந்தால் டிஎம்சி கணக்குத்தான் வரும். இவர்கள் உட்கார்ந்தபோது நாற்று, கடன், மகள் கல்யாணம் எல்லாம் வந்தது. அதற்கு அதிகாரம் இல்லை என்பதால் தீர்ப்பை அது மாற்றவில்லை. ஆனாலும் பகையை இறக்கி வைக்க அது ஒரு வழி என்று நான் நம்புகிறேன்.

எல்லாரையும் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கொலம்பியாவில் அரசும் ஃபார்க் கிளர்ச்சிப் படையும் பேசியபோது, 2014இல் பாதிக்கப்பட்டவர்கள் 60 பேரை, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக ஐந்து தடவை, பேச்சு நடந்த கியூபாவின் ஹவானாவுக்கே கூட்டிப் போனார்கள். தன் குடும்பத்தைக் கொன்ற தரப்பின் முகத்தைப் பார்த்து அவர்கள் பேசினார்கள். அவ்வளவு செய்தும் 2016 அக்டோபரில் மக்களிடம் ஓட்டுக்கு விட்டபோது ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது, 50.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிறகு எதிர்த்தவர்களிடமும் பேசித் திருத்தித்தான் நவம்பரில் மறுபடி கையெழுத்தாயிற்று. பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்துவிட்டு, எதிர்க்கிறவரை வெளியே விட்டாலும் ஆபத்துதான். உங்கள் ஊரில் “பொங்கலே வேண்டாம்” என்று பிடிவாதமாக இருக்கிற அந்த நாலைந்து பேரையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது மிக முக்கியமான ஒன்று, இதை நீங்கள் விட்டுவிடக் கூடாது. நம் பக்கத்தில் சமாதானம் என்றால் பல நேரம் கேஸை வாபஸ் வாங்கச் சொல்வது என்று அர்த்தம். கோயிலுக்குள் வரலாமா கூடாதா, பொதுக் குழாயில் பிடிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை முடித்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்கு அமைதிக் கூட்டத்தில் விலை பேசுகிற சரக்கு கிடையாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவருக்கு ஜாமீன் விசாரணையில் கூடத் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை இருக்கிறது. பேச வேண்டியது நேரம், பாதை, பாதுகாப்பு, யார் யார் பொறுப்பு என்பதை மட்டும்தான். இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு அதிகாரி சொன்னால், எந்த விஷயத்தில் என்று கேளுங்கள். உரிமையில் பாதியை விட்டுக்கொடு என்று ஒரு பக்கத்தை மட்டும் கேட்கிற கூட்டத்தில் எத்தனை பெண்கள், எத்தனை இளைஞர்கள் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அது பேச்சுவார்த்தை இல்லை.

அப்புறம் செய்முறை. முதலில் இடம். ஊர்ச் சாவடியில் வைக்காதீர்கள், கோயில் மண்டபத்திலும் வேண்டாம். தாத்தா காலத்தில் எந்தத் திண்ணைக்குக் கீழே நின்றார்களோ அங்கே போய்ப் பேரன் நிமிர்ந்து பேச நேரமாகும். பள்ளிக்கூடம், நூலகம், சத்துணவுக் கூடம் எதுவானாலும் சரி. நேரம் அதை விட முக்கியம். காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு யார் வருவார்? தோட்டங்காட்டில் கூலிக்குப் போகிறவர் வந்தால் அன்றைய சம்பளம் போயிற்று, பெருந்துறைக்கும் திருப்பூருக்கும் கம்பெனி வேனில் போகிற பிள்ளைகள் ஏழரைக்கே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள். பெண்களைத் தனியாக ஒரு தடவை, இளவட்டங்களைத் தனியாக ஒரு தடவை பேச வைத்து, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, அதன் பிறகு எல்லாரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒரே ஒரு பெண்ணை அழைக்காதீர்கள், ஒருவராக வந்தால் வாய் திறக்க மாட்டார், ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று பேராவது வேண்டும். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டுச் சூடேற்றுகிற பையன்களை விலக்கி வைப்பது பெரியவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் அவர்களை உட்கார வைத்து அந்த ஊர்வலத்தின் ஒழுங்குக்கு அவர்களையே பொறுப்பாக்குவதுதான் எனக்குத் தெரிந்து பலன் தந்தது. கூட்டத்தில் எழுதியதை அன்றே கையெழுத்து வாங்காதீர்கள். தாளை இரண்டு தெருவிலும் சத்தமாக வாசியுங்கள், மூன்று நாள் விடுங்கள், யார் என்ன ஆட்சேபணை சொன்னாலும் மறுபடி திறக்கலாம் என்று தாளிலேயே எழுதுங்கள். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் இரண்டு மணி என்பது மாறியிருக்கும்.

வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் உங்கள் ஊர் லைன் வீடுகளில் இருந்தால் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி அவர்கள் பயந்துபோனபோது, அதிகாரிகள் திருப்பூரிலும் கோவையிலும் நேரே அவர்களிடம் போய் இந்தியிலேயே பேசினார்கள்.

உங்கள் ஊர் விஷயத்தில் ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள் தம்பி. நீங்கள் எழுதியதில் பாதையைப் பற்றி இருக்கிறது, நேரத்தைப் பற்றி இருக்கிறது, வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோயில் தலைக்கட்டு வரிப் புத்தகத்தில் காலனி வீடுகள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கம் வரி வாங்காத வீட்டுக்கு அந்தப் பொங்கலில் பங்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் தாளில் எழுத மாட்டார்கள். பன்னிரண்டு ஆண்கள் ஆர்டிஓ முன்னால் உட்கார்ந்து பாதையைப் பேசும்போது, அந்த வீட்டுப் பெண்கள் மனதில் இருப்பது எங்கள் ஐந்நூறு ரூபாயை ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள் என்பதாக இருக்கலாம். பங்குனி பிறப்பதற்குள் இரண்டு தெருவிலும் பெண்களிடம் இதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு அங்கிருந்து பேசலாம்.